உடனே குடியேறலாம்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒருவர் வீட்டை விற்கப்போகிறார் என்று தெரிந்தால், அவருக்கு உடம்பில் ஏதோ பெரிதாக வந்துவிட்டது போலத்தான் விசாரிப்பார்கள். குரலைத் தணித்துக்கொண்டு ‘என்னவாம்?’ என்பார்கள். பையன் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டானா, பெண்ணுக்கு வரன் பெரிய இடமாக அமைந்துவிட்டதா, அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய்விட்டார்களா என்று மூன்று காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் மூன்றும் உண்மை என்று ஆகிவிடும். ஆகையால் எங்கள் பக்கத்தில் வீடு விற்கிறவர்கள் பத்திரிகை விளம்பரத்தில் எல்லாவற்றையும் போடுவார்கள், வீடு எங்கே இருக்கிறது என்பதைத் தவிர. தெருப் பெயர் கிடையாது, கதவு எண் கிடையாது. பதில்கள் பத்திரிகை அலுவலகத்தின் பெட்டி எண்ணுக்கு வந்து, அங்கிருந்து ஒரு பெரிய உறையில் நம்மிடம் வரும். வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டுக் காட்டிக்கொள்ளலாம். திருடன் தன் பொருளைத் தானே விற்பதற்குக் கண்டுபிடித்த முறை போல இருக்கும்.

எங்களுக்கு அந்த மூன்று காரணங்களில் ஒன்றுகூட இல்லை. என் மனைவிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எழுபதுகளின் நடுவில் சென்னையில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கார்ப்பரேஷன் குழாயில் விடியற்காலையில் ஒரு பெருமூச்சு வரும். அதைத் தொடர்ந்து சில நாட்கள் தண்ணீரும் வரும். மற்ற நாட்களில் தெருமுனையில் இருந்த கைப்பம்பில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். நான் நின்றதில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிடும் என்று தினமும் ஒரு காரணம் என்னிடம் இருந்தது. பிடிவாதமாக நின்றவள் என் மனைவி. அவள்தான் அடையாறில் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தில் என்னை உறுப்பினனாக்கி, ஒரு மனையும் வாங்க வைத்தாள். அங்கே பதினைந்து அடியில் இளநீர் போல் தண்ணீர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மனை வந்தது. கூடவே ஒரு விதியும் வந்தது: அடுத்த வருஷக் கடைசிக்குள் கட்டிடம் எழும்பாவிட்டால் சங்கம் மனையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். கட்ட வேண்டுமானால் மயிலாப்பூர் வீட்டை விற்க வேண்டும். வேறு வழி எங்களிடம் இல்லை. என் மனைவி ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அடையாறு வீட்டின் சமையலறையை வரைந்து முடித்திருந்தாள். மற்ற அறைகளை நான் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி தந்திருந்தாள்.

விளம்பரத்தை நானே எழுதினேன். வாரப் பத்திரிகைகளில் என் கட்டுரைகள் அவ்வப்போது வந்துகொண்டிருந்த காலம். பெரிய பெரிய நாவல்களில் வீடுகளை வர்ணித்திருப்பதைப் படித்தவன். ஆறு வரி விளம்பரம் எனக்கு ஒரு பொருட்டா என்று நினைத்தேன். மயிலாப்பூரில் வீடு விற்பவர்கள் ஆங்கிலப் பேப்பரில்தான் விளம்பரம் கொடுப்பார்கள். வாங்குகிறவர் வந்து தமிழில் பேரம் பேசுவார். நான் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மயிலாப்பூரின் நடுவில், கோயிலுக்கும் குளத்துக்கும் அருகில், கிழக்குப் பார்த்த மாடி வீடு. ஏறக்குறைய ஒரு கிரவுண்டு மனை. வற்றாத கிணறு. மாடிக்குத் தனி வழி. எப்போதும் காற்றோட்டம். இசை நிறைந்த சூழல்.

ஒன்றும் பொய் இல்லை. முக்கால் கிரவுண்டு, ஏறக்குறைய ஒரு கிரவுண்டுதானே. கிணறு வற்றியதே இல்லை. அதில் உள்ள தண்ணீரை வாயில் வைத்தவர் எவரும் இரண்டாவது தடவை வைத்ததில்லையாதலால் அது வற்றுவதற்கு நியாயம் இல்லை. காற்றோட்டம் மாடி ஹாலில், உடைந்து நாளான ஒரு ஜன்னல் கண்ணாடி வழியாக வந்தது. இசை பக்கத்து வீட்டில் வயலின் கற்றுக்கொண்டிருந்த குழந்தைகளால் வந்தது. அது இசையாக இன்னும் சில வருஷங்கள் ஆகும் என்பதை நான் எழுதவில்லை.

மவுண்ட் ரோட்டில் பத்திரிகை அலுவலகத்து விளம்பரக் கவுண்டரில் இருந்தவர் என் காகிதத்தைப் பென்சில் முனையால் தட்டித் தட்டி எண்ணினார். பிறகு நிமிர்ந்தார்.

“இன்னா சார், முக்கியமானத வுட்டுட்டியே. வூடு காலியா கீதா, ஆள் கீதா?”

மாடியில் ஒரு குடித்தனம் இருக்கிறது, போய்விடுவார்கள் என்றேன்.

“போய்டுவாங்கன்னா காலின்னு போட்டுடு. அது இல்லன்னா ஒருத்தன் வர மாட்டான். வூடு வாங்கறவன் வூட்டத்தான் வாங்க வருவான், கேஸ வாங்கவா வருவான்?”

அவர் சொன்னது நியாயம். வாடகைச் சட்டப்படி ஒரு குடித்தனக்காரரைக் கிளப்ப வேண்டுமானால் நான் வழக்குப் போட்டு என் பேரன் தீர்ப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் கடைசியில் ‘உடனே குடியேறலாம்’ என்று சேர்த்தேன். வாக்கியம் முடிகிற இடத்தில் நன்றாக உட்கார்ந்தது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட.

மாடியில் இருந்தவர் சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரும் அவர் மனைவியும் மட்டும். பத்து வருஷத்துக்கு மேலாக எங்கள் தலைக்கு மேல் நடந்துகொண்டிருந்தார்கள். நடக்கிறார்கள் என்றே தெரியாது, அவ்வளவு மெத்தென்று நடப்பார்கள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. காலையில் நான் படித்து முடித்த பேப்பரை மாடிப்படிக் கைப்பிடியில் செருகிவிடுவேன். அவர் எடுத்துப் போய்ப் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து வைப்பார். விளம்பரம் வந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செருகாமல் விட்டால் சந்தேகம் வருமே என்று செருகினேன். பெட்டி எண் என்னைக் காப்பாற்றும் என்ற தைரியம்தான்.

பத்து மணி வாக்கில் அவர் கீழே வந்தார். பேப்பர் கையில் இருந்தது. எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

“சார், இதுல ஒரு மூலைய வெட்டி எடுத்துக்கலாமா?”

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மறுபடியும் தயங்கினார்.

“உங்ககிட்ட மறைச்சிண்டு இருந்தேன், தப்பா நினைச்சுக்கப்படாது. ரிடையராகப்போறேன். வர பணத்துல சொந்தமா ஒரு வீடு பாத்துண்டு இருக்கேன். குடியிருக்கறவன் வீடு தேடறான்னு தெரிஞ்சா வீட்டுச் சொந்தக்காராளுக்கு மனசு விட்டுப்போயிடும், அதான் சொல்லலை. இன்னிக்கு ஒண்ணு வந்திருக்கு பாருங்கோ.”

அவர் விரல் வைத்திருந்தது என் விளம்பரத்தின் மேல்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன் என்றுதான் ஞாபகம். ஆனால் அவர் அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். வகுப்பில் கணக்கைப் படிப்பது போல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். படித்துவிட்டு, “என்னமா எழுதிருக்கான், பாத்தேளா? ஒரு வார்த்தை அதிகம் இல்லை,” என்றார். எழுதுகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? என் கட்டுரைகளைப் பற்றி அந்த மனிதர் பத்து வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கு ஒரு பதில் எழுதித் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆளைக் கவருகிற மாதிரி விளம்பரம் எழுதியிருப்பவனுக்கு நாமும் சரியாக எழுத வேண்டுமாம். என்னென்ன கேட்க வேண்டும் என்றேன். உட்கார்ந்து யோசித்துச் சொன்னார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகுமா? மாடிப்படிகள் எல்லாம் ஒரே உயரமா, அல்லது நாலாவது படி மட்டும் ஆளைத் தூக்கிப் போடுமா? ஐப்பசி மழையில் ஹாலில் எத்தனை இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும்? பக்கத்தில் சத்தம் உண்டா?

“இங்க இருக்கற மாதிரி இருக்கப்படாதுன்னு நான் சொல்லலை,” என்றார். பிறகு மேலே பார்த்தார். “ஆனா, இங்க இருக்கற மாதிரி இருக்கப்படாது.”

வீடு விற்கிற விளம்பரத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் படித்ததில்லை. ஒவ்வொன்றையும் மரியாதையான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தன் குண்டு குண்டான எழுத்தில் நகல் எடுத்து, தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். உள்ளே போனேன். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குப் பல தினுசு உண்டு. இது எனக்குப் பிடிக்காத தினுசு.

அடுத்த வாரம் உறை வந்தது. பெரும்பாலும் தரகர்கள். ஒருவர், விற்பதற்குப் பதில் வாடகைக்கு விட முடியுமா என்று கேட்டிருந்தார். மேலே வாத்தியாரின் குண்டு எழுத்தும் உள்ளே என் வாக்கியங்களுமாக ஒரு கடிதம் இருந்தது. அதை நான் பிரிக்கவில்லை. உருப்படியாக ஒரே ஒரு கடிதம், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருடையது. தெற்கே இருந்து வந்து கடையைப் பெரிதாக வளர்த்தவர். மயிலாப்பூரில் ஒரு வீடு வேண்டும், பணம் ரொக்கமாகத் தருவேன் என்று இரண்டே வரி. அவருடைய எழுத்தில் வர்ணனை ஏதும் கிடையாது.

அவரை வரச் சொன்னேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வந்தவர் வீட்டைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, தொட்டார். சுவரைத் தட்டினார், நிலைப்படியை விரலால் அழுத்தினார், கிணற்றில் ஒரு வாளி இறைத்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மாடிக்குப் போகும்போது வாத்தியார் மனைவி வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். யார் என்று கண்ணாலேயே கேட்டாள். வெள்ளையடிக்கிற காண்ட்ராக்டர் என்று நான் சொன்னேன். பத்து வருஷத்தில் நான் வெள்ளையடித்தது ஒரே ஒரு தடவை. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து ஜவுளிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். “மேல இருக்கது யாரு?”

குடித்தனக்காரர், காலி செய்துவிடுவார் என்றேன்.

“அவுககிட்ட சொல்லியாச்சா, ஐயா?”

இனிமேல்தான் என்றேன்.

“வெலை நீங்க கேட்டது சரிதான், நான் தருவேன். ஆனா மொதல்ல அவுகளுக்குச் சொல்லுங்க. சொல்லிட்டு, அப்புறமா எனக்கு ஆள் அனுப்புங்க.” கும்பிட்டுவிட்டுப் போனார். காரில் ஏறும்போது வெள்ளையடிக்கும் காண்ட்ராக்டரை ஒரு தடவை நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். சிரிப்பு வந்ததோ என்னவோ, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் மனைவி கூடத்திலேயே நின்றிருந்தாள். அவளுக்குத்தான் அடையாறு மனை. அது கைநழுவினால் அவள்தான் மறுபடியும் கைப்பம்பு வரிசையில் நிற்க வேண்டியவள். ஆனாலும் சொன்னாள்: “இன்னிக்குச் சாயங்காலம் நீங்க மாடிக்குப் போறேளா, இல்ல நான் போகட்டுமா?”

போனேன். நாலாவது படி என்னைத் தூக்கிப் போட்டது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டு மாடிக்கு நான் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. ஹால் மூலையில் ஒரு பித்தளை அண்டா மழைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. உடைந்த ஜன்னலில் சினிமா நடிகை படம் போட்ட ஒரு காலண்டர் அட்டையை ஒட்டியிருந்தார்கள். வாத்தியார் எழுந்து நின்று நாற்காலியைத் தன் துண்டால் தட்டிப் போட்டார்.

“அந்த வீட்டுக்காரன் பதிலே போடலை சார்,” என்றார். “நீங்க கொஞ்சம் காட்டமா எழுதிட்டேளோ? பருப்பு வேகுமான்னெல்லாம் கேட்டிருக்கப்படாது. கோச்சுண்டிருப்பான்.”

கோபிக்கவில்லை என்றேன். பிறகு, இதற்கு நகைச்சுவையாக ஒரு வழியும் இல்லாததால், நேராகச் சொன்னேன். அந்த வீடு இதுதான். விளம்பரம் கொடுத்தது நான்தான்.

அவர் அலமாரியில் ஒரு கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்த அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு ஒவ்வொரு வரிக்கும் அறையை ஒரு தடவை பார்த்தார். கிழக்குப் பார்த்த வீடு என்றதும் தலையை ஆட்டினார். வற்றாத கிணறு என்றதற்கும் ஆட்டினார். காற்றோட்டம் வந்தபோது காலண்டர் அட்டையைப் பார்த்தார். இசை வந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அடித்தொண்டையில் அழுவது போல வயலினை இழுத்தது. கடைசி வரியில் அவர் நின்றுவிட்டார். அவர் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றிருந்தாள்.

“உடனே குடியேறலாம்னு போட்டிருக்கேளே, சார்,” என்றார். “நாங்க அப்போ எங்க இருக்கறதா நினைச்சிண்டு எழுதினேள்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. விடை சரியாக வராத ஒரு கணக்கில், எந்த இடத்தில் பையன் தவறினான் என்று பார்க்கிற குரலில்தான் கேட்டார். கவுண்டரில் அப்படிச் சொன்னார்கள் என்று ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

தங்களுக்குப் போக இடம் ஏதும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. சட்டத்தைப் பற்றியும் பேசவில்லை. அது அவருக்குத் தெரியாதா என்ன. “எனக்கு அந்த விளம்பரத்துல இருந்த வீடு ரொம்பப் பிடிச்சிருந்தது,” என்று மட்டும் சொன்னார். காகிதத்தை மறுபடியும் மடித்து அதே புத்தகத்துக்குள் வைத்தார்.

கீழே வந்து என் மனைவியிடம் சொன்னேன். மாடியில் இருப்பவர்களைப் போகச் சொல்ல என்னால் ஆகாது, அடையாறு போனதாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். ஜவுளிக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பவில்லை. அனுப்பிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? சங்கத்துக்கு, கெடுவை நீட்டிக்க முடியுமா என்று கேட்டு எழுதினேன். முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். அவர்களுக்கும் எழுதத் தெரிந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், வாத்தியார் மனைவி கீழே இறங்கி வந்தாள். என்னைப் பார்க்க வரவில்லை, என் மனைவியைப் பார்க்கத்தான் வந்தாள். நான் அறைக்குள் இருந்தேன், கதவு திறந்திருந்தது.

“மாமி, இவர் நாலு வீடு பாத்துட்டு வந்துட்டார். நங்கநல்லூர் வரைக்கும் போனார். ஒவ்வொரு வீட்டுலயும் சுவரைத் தட்டிண்டு, படிய எண்ணிண்டு, தண்ணியக் குடிச்சிண்டு வரார். வந்து ராத்திரி தூங்கறதில்லை. புதுசா ஒரு வீட்டுக்குப் போய் அதுல இருக்கற குறையெல்லாம் கண்டுபிடிக்க எங்களுக்கு வயசு இல்லை. இந்த ஆத்துக் குறையெல்லாம் எங்களுக்குத் தெரியும். நாங்களே எடுத்துக்கறோம்.”

வாத்தியாருக்கு ஓய்வு பெற்றதும் வந்த பணமும், ஊரில் அவர் பங்குக்கு இருந்த நிலமும் சேர்ந்தன. ஜவுளிக்கடைக்காரர் தந்திருக்கக்கூடிய விலை வரவில்லை. பேரம் பேச வாத்தியார் மாடியிலிருந்து வந்தபோது ஒவ்வொரு குறைக்கும் ஒரு தொகை கழித்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பத்து வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தவனுக்கு வீட்டை விற்கக் கூடாது என்பது என் அனுபவம். ஆனால் வந்த பணம் அடித்தளம் போடப் போதுமானதாக இருந்தது. கெடுவுக்குள் சுவர் எழுந்துவிட்டது. அடையாறு வீட்டில் மாடி இல்லை. பணம் கூரைக்குப் போதாமல் போகவில்லை, கூரைக்கு மேலே போகத்தான் போதவில்லை. சமையலறை மட்டும் காலண்டர் தாளில் இருந்தபடியே வந்தது.

கட்டி முடிகிறவரைக்கும் எங்களுக்கு இருக்க இடம் வேண்டும் அல்லவா? மயிலாப்பூர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே வாத்தியாருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தோம். அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. படியையும் ஜன்னலையும் முதல் மாசமே சரிசெய்தார். பேப்பரை நான் வாங்குவதா அவர் வாங்குவதா என்று ஒரு சிறு குழப்பம் இருந்தது. பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடையாறில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் அவர் கீழே வந்தார். உட்காரச் சொன்னேன், இந்தத் தடவை உட்கார்ந்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஆன பிறகும் அவர் பேச்சில் தயக்கம் குறையவில்லை.

“சார், என் கூட வேலை பார்த்தவர் ஒருத்தர். கீழ்ப்போர்ஷன் காலியாகுமான்னு கேக்கறார். நான் அவருக்கு ஒண்ணும் சொல்லலை. உங்ககிட்ட கேட்டுண்டு அப்புறம் சொல்லலாம்னு தோணித்து. நீங்க எத்தனை மாசம் வேணும்னாலும் இருங்கோ. நீங்க சொல்ற தேதிதான் அவருக்குச் சொல்லப்போறேன்.”

நான் ஏதாவது சொல்வதற்கு முன் என் மனைவி உள்ளே இருந்து வந்தாள். கையில் காபி. அதை அவர் பக்கத்து முக்காலியில் வைத்து, வீடு எப்போது முடியும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டார். நானும் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று காபி வரவில்லை.